ஸ்டிக்கரில் 28, நோட்டில் 19

திண்டுக்கல்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பி பாண்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அம்மாவுக்குக் கார்த்திகைக் குளிர் வந்ததும் முழங்கால் வலி தலைகாட்டியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் "எனக்கென்ன, நீ உன் வேலையைப் பாரு" என்கிறாள். உன் மாமா சாப்பாடு முடித்து ஈஸிசேரில் குறட்டை. வீடு அமைதியாக இருக்கும்போதே இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "சரிக்கா, சரிக்கா, மில்லுல இருந்து கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் கார் கொட்டேஷன் படம் அனுப்பியிருந்தாயே, அதில் 27.97 என்ற மைலேஜ் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "அக்கா, உன் வண்டி மாதிரியே! அடுத்த வாரம் அட்வான்ஸ்" என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் காட்டினேன். அவள் "என்ன கலராம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏனென்றால் அந்த வட்டத்தை நீ போடுவதற்குக் காரணம் கம்பெனிக்காரன் இல்லை, நான்.

போன பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது, நடு ஹாலில், உன் மாமனார் முன்னால், "எவ்வளவு குடுக்குதுக்கா?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "இருபத்தெட்டு" என்றேன். உன் மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொய்யடா பாண்டி. ஒரு டேங்க்குக்குக்கூட எனக்கு இருபத்தெட்டு வந்ததில்லை. அவ்வளவு காசு கொடுத்து ஹைபிரிட் வாங்கிவிட்டு, பத்துப் பேர் நடுவில் இருபத்தொன்று என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்கினவர்கள் எல்லாம் இப்படித்தான் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்கிறார்கள், கேட்பவன் அதை நம்பி வாங்கிவிட்டு அவனும் கூட்டிச் சொல்கிறான். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். லேபில் ரீடிங்கை மாற்றி எழுதினால் நோட்டைத் தூக்கி வீசியிருக்கிறேன்!

சரி, இப்போது உண்மையான நோட்டைத் திறக்கிறேன்.

அப்பாவின் சிவப்பு டைரி உனக்கு நினைவிருக்கும். ஹீரோ ஹோண்டா சிடி 100 வாங்கின புதிதில் லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று சொன்னதை அப்படியே நம்பி, வேடசந்தூரில் பெட்ரோல் போடாமல் கிளம்பி, தாடிக்கொம்புக்கு முன்னால் வண்டி நின்றுபோனதே. நீ டேங்க் மேல் உட்கார்ந்திருந்தாய், இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. நானும் அப்பாவும் தள்ளினோம். கம்பெனிக்காரன் எந்த ரோட்டில் ஓட்டினானோ என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். மறுநாளே டைரியில் கோடு போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் புத்திதான் எனக்கும் வந்திருக்கிறது. வண்டி வாங்கின மாதத்திலிருந்து ஒரு டேங்க் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

அளக்கிற முறை உனக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன், நீ எதையும் அரைகுறையாகச் செய்கிறவன். ஒரே பங்க், ஒரே பம்ப், காலையில் ஏழு மணிக்கு முன்னால். "ஃபுல் டேங்க்" என்று சொல்லிவிட்டு இறங்கி நிற்க வேண்டும். நாசில் "டக்" என்று கட் ஆனதும் அந்தப் பையன் விடமாட்டான். நாசிலை லேசாக மேலே இழுத்துக்கொண்டு, "ரவுண்டா ரெண்டாயிரம் போட்டுரவாக்கா?" என்று சொட்டுச் சொட்டாக விடுவான். அங்கேதான் கணக்கு கெட்டுப்போகும். "முதல் கட்டோட நிறுத்துப்பா" என்று நான் சொல்லிச் சொல்லி, இப்போது என் வண்டியைக் கண்டாலே "டீச்சர் வந்துட்டாங்க, ஒரே கட்டு" என்கிறான். கிலோமீட்டரை எழுதி, பில்லில் இருக்கும் லிட்டரைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் விடாமல் எழுதி வகுத்தால் வருவதுதான் மைலேஜ். மற்றதெல்லாம் பேச்சு. டிஸ்ப்ளே காட்டுவதும் பேச்சுதான். போன தடவை 412 கிலோமீட்டருக்கு 19.21 லிட்டர் பிடித்தது. கணக்குப்படி 21.4. டிஸ்ப்ளேயில் 23.1 என்று பச்சையில் ஜொலிக்கிறது!

இனி என் நோட்டு. ஆர்.எம். காலனியிலிருந்து நாகல் நகர், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் மார்கழி, தை மாதங்களில் 24, 25 வருகிறது. சித்திரையில் அதே ரோடு, அதே நான், 21. ஏசி பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரியை நிரப்ப இன்ஜின் அடிக்கடி விழித்துக்கொள்கிறது. காலையில் பால் வாங்க ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் கேட்கவே வேண்டாம், இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். மதுரைக்கு எண்பதில் போனால் 23. உன் மாமா ஓட்டினால், அவர் கால் எப்படி என்று உனக்குத் தெரியும், நூற்றுப்பத்தில் போய் 19. ஆடி மாதம் பழனிக்குப் போனோமே, எதிர்க்காற்று வண்டியைப் பின்னுக்குப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. போகும்போது 17.8, வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்து அனுப்பியது, 23. மொத்தம் எல்லா டேங்க்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 21.6. அவ்வளவுதான் தம்பி. இந்த எண்ணைத்தான் பொங்கலுக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் 27.97 என்பது பொய்யா என்று கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் குதித்தேன். ஷோரூமில் போய் நின்று, "நீங்க சொன்னதுல கால்வாசி காணோமே" என்றேன். அங்கே ஒரு பையன், என்னிடம் படித்திருந்தால் நிச்சயம் முட்டை வாங்கியிருப்பான், சிரித்துக்கொண்டே "அது உங்க டிரைவிங் ஸ்டைல் மேடம்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன், அந்த எண் எங்கே பிறக்கிறது என்று.

அது ரோட்டில் பிறப்பதே இல்லை. ஏஆர்ஏஐ என்று புனேயில் ஒரு நிறுவனம், 1966லிருந்து இருக்கிறது. அந்த மாதிரிப் பரிசோதனைக்கூடத்தில் காரை ரோலர் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிரைவர் முன்னால் திரையில் ஒரு கோடு ஓடும். எவ்வளவு வேகம், எப்போது பிரேக் என்று அந்தக் கோடு சொல்கிறபடி மிதிக்க வேண்டும். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிஷம்கூட இல்லை. தூரம் சுமார் பத்தரை கிலோமீட்டர். முதல் 780 விநாடி டவுன் ஓட்டம், 195 விநாடிப் பாட்டு ஒன்றை நாலு தடவை பாடுகிற மாதிரி, ஐம்பதைத் தாண்டாது. அப்புறம் 400 விநாடி ஊருக்கு வெளியே, அதிலும் உச்ச வேகம் 90தான். ஏசி கிடையாது. மேடு கிடையாது. ஆடிக் காற்று கிடையாது. சூடு 20லிருந்து 30 டிகிரிக்குள். சித்திரையில் நம் ஊர் 38ல் கொதிக்கிறது. இன்னொன்று கேள், பெட்ரோலை அளந்து அவர்கள் மைலேஜ் சொல்வதில்லை. சைலன்சரில் வருகிற புகையைப் பையில் பிடித்து, அதில் உள்ள கார்பனைக் கணக்கிட்டு, எவ்வளவு எரிந்தது என்று பின்னோக்கிப் போகிறார்கள். அழகான கணக்குதான், நான் குறை சொல்ல மாட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை, ஒரே கேள்வித்தாள். ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது போதும். உன் சம்பளத்திலிருந்து பெட்ரோலுக்கு எவ்வளவு போகும் என்று அது சொல்லாது.

அந்தக் கேள்வித்தாள் ஹைபிரிட்டுக்கு ரொம்ப இணக்கம் என்பதுதான் விஷயம். அந்த இருபது நிமிஷத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி நேரம் வண்டி சும்மா நிற்கிறது. சாதாரண வண்டி நின்றாலும் குடிக்கும். ஹைபிரிட் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் நகரும். பிரேக் போடும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, போகிற வேகத்தைக் கரண்ட்டாகப் பிடித்துப் பேட்டரியில் போடும். நிற்பதும் நகர்வதும்தான் அதற்குத் தீனி. நாகல் நகர் ரயில்வே பாலத்தடியில் ஆட்டோவும் லாரியும் மறித்து நிற்கும்போது உனக்குப் பிரஷர் ஏறும், என் வண்டிக்குக் கொண்டாட்டம். நாலு வழிச் சாலையில் நூற்றுப்பத்தில் ஒரே சீராகப் போனால் பிரேக் எங்கே, பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? அங்கே அதுவும் ஒரு பெட்ரோல் வண்டிதான், பேட்டரியைச் சுமந்துகொண்டு போகிற பெட்ரோல் வண்டி. கொஞ்சம் சிக்கனமான இன்ஜின், அவ்வளவே. நம் பழைய டீசல் வண்டி டவுனில் 15, ஹைவேயில் 20 கொடுக்கும். இது தலைகீழ். இதை எந்த ஷோரூம்காரனும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

கொடைக்கானல் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏறும்போது பெட்ரோல் போனாலும் இறங்கும்போது பேட்டரி நிரம்பி எல்லாம் திரும்பிவிடும் என்று உன் மாமா வாதம். காட்ரோட்டில் ஏற ஆரம்பித்ததிலிருந்து இன்ஜின் உறுமல், 13தான். திரும்பி இறங்கும்போது எல்லோரும் டிஸ்ப்ளேயையே பார்த்துக்கொண்டு வந்தோம். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பேட்டரிக் கோடுகள் நிரம்பிவிட்டன. அதற்கப்புறம் வந்த அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பிடித்த பிரேக் எல்லாம் வீண். இன்ஜின் பெட்ரோல் குடிக்காமல் வெறுமனே சுற்றிக் கத்திக்கொண்டே வந்தது. டம்டம் பாறையில் நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்கின கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வண்டியும் நாங்களும் சேர்ந்து 1,550 கிலோ, இறங்குகிற உயரம் 1,750 மீட்டர் என்று வை. பெருக்கி, 9.8ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 2 கோடியே 66 லட்சம் ஜூல். ஈபி கணக்கில் ஏழு யூனிட்டுக்கு மேல். டயர் உராய்வும் காற்றும் இரண்டு மூன்று யூனிட்டைத் தின்றாலும் நாலு யூனிட் மிச்சம். இந்த அளவு வண்டிகளில் இருக்கிற பேட்டரி எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? 0.76. முக்கால் யூனிட்! அதையும் முழுசாக நிரம்பவும் முழுசாகக் காலியாகவும் வண்டி விடாது. குடத்தை வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பிடிக்கப் போன கதை. போக வரச் சேர்த்து 19.4 வந்தது. மலைக்கு அது நல்ல எண்தான், ஆனால் மாமா இரண்டு நாள் பேசவில்லை.

நீ உடனே கேஸ் போடலாமே என்பாய், உன் வாய் அப்படி. போட்டவர்கள் இருக்கிறார்கள். திருச்சூரில் 2014ல் டீசல் கார் வாங்கின ஒரு பெண், விளம்பரத்தில் சொன்ன 32 வரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார், ஓட்டிப் பார்த்ததில் 19.6தான் வந்தது, 2022ல் 3 லட்சத்து 10 ஆயிரம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார். எட்டு வருஷம் ஆனதைக் கவனி. உலகம் முழுக்க இதே பாட்டுதான். அமெரிக்காவில் டொயோட்டா பிரியஸ் டவுனில் கேலனுக்கு 60 மைல் என்று ஸ்டிக்கரில் இருந்தது. யாருக்கும் வராமல் புகார் மேல் புகார். அரசாங்கம் 2008 மாடலிலிருந்து ஏசி, குளிர், கூடுதல் வேகம் எல்லாவற்றையும் பரீட்சையில் சேர்த்தது. அதே கார், 60 போய் 48 ஆனது. ஐரோப்பாவில் கார்களிலேயே மீட்டர் வைத்து எடுத்த கணக்கை 2024ல் வெளியிட்டார்கள். பெட்ரோல் கார்கள் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன. வீட்டில் சார்ஜ் போடுகிற பிளக்-இன் ஹைபிரிட் இருக்கிறதே, அது மூன்றரை மடங்கு! ஆட்கள் ஒழுங்காகச் சார்ஜ் போடுவதில்லை. அதே மாதிரிக் கணக்குப் போட்டால் என் வண்டியும் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகக் குடிக்கிறது, ஆக நம் ஊர் ஒன்றும் பெரிய தனிப்பிறவி இல்லை.

பங்கில் இப்போது ஊற்றுவதே 20 சதவீதம் எத்தனால் கலந்தது என்பதையும் மறந்துவிடாதே. எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. அதற்கென்று செய்யாத பழைய கார்களில் ஆறேழு சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021லேயே நிதி ஆயோக் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். புதுக் காருக்கு ஒன்றிரண்டு சதவீதம். உன் பழைய பைக்கை உன் மனைவி ரேவதி குறை சொல்வது இதனால்கூட இருக்கலாம், மெக்கானிக்கைத் திட்டாதே.

இனி உன் கணக்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும். நீ கரூரிலிருந்து அரவக்குறிச்சி, வேடசந்தூர் மில்கள், திண்டுக்கல், சில நாள் மதுரை என்று ஓடுகிறவன். மாதம் 2,000 கிலோமீட்டர் என்றாய். வருஷத்துக்கு 24,000. பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள். அதே காரின் சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு ஸ்டிக்கர் எண் 20.58. அதன்படி 1,166 லிட்டர். ஹைபிரிட்டுக்கு 27.97 என்றால் 858. மிச்சம் 308 லிட்டர், 31,000 ரூபாய்.

நிஜத்துக்கு வா. என்னோடு வேலை பார்த்த கெமிஸ்ட்ரி டீச்சரிடம் அந்தச் சாதாரண ஆட்டோமேட்டிக் இருக்கிறது, அவளையும் நோட்டு எழுத வைத்தேன். டவுனில் 11.5, ஹைவேயில் 15.5. உன் வேகத்துக்கு ஹைபிரிட் 19.5 என்று தாராளமாகவே வைக்கிறேன். 1,548க்கும் 1,231க்கும் வித்தியாசம் 317 லிட்டர். 32,000 ரூபாய். பார்த்தாயா வேடிக்கையை? இரண்டு ஸ்டிக்கரும் பொய், ஆனால் இரண்டு பொய்யையும் கழித்தால் வருகிற விடை உன் ரோட்டுக்குச் சரியாக வந்துவிட்டது. அதே 24,000 கிலோமீட்டரை நீ டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவனாக இருந்தால், 11.5க்கும் 22க்கும், கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர் மிச்சமாகும், வருஷம் ஒரு லட்சம். ஸ்டிக்கர் சொன்னதைப் போல மூன்று மடங்கு. நம்புவதற்கே கஷ்டமாக இருந்தது, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஹைபிரிட் ஏமாற்றுகிறது என்று சொல்கிறவனும் உண்மை சொல்கிறான், அள்ளிக் கொடுக்கிறது என்று சொல்கிறவனும் உண்மை சொல்கிறான். எந்த ரோட்டுக்காரன் என்று கேட்டால் போதும்.

உன் கொட்டேஷனில் இரண்டுக்கும் வித்தியாசம் 3 லட்சம். பத்து லட்சத்துக்கு மேல் இருபதுக்குள் விலை உள்ள வண்டிக்கு நம் மாநிலத்தில் ரோடு டாக்ஸ் 18 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 2024ல் ஹைபிரிட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வரியைத் தள்ளுபடி செய்தார்கள், அந்தச் சலுகை இங்கே இல்லை. ஆக 3 லட்சத்து 54 ஆயிரம். வருஷம் 32,000 வீதம் அதை எடுக்கப் பதினொரு வருஷம். நீ எந்த வண்டியை ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தாய்? அந்தப் பதினொரு வருஷத்தில் உன் மகள் நிலா காலேஜே முடித்திருப்பாள்.

அதற்காக வாங்காதே என்று சொல்லவில்லை. எனக்கு இந்த வண்டி மேல் பிரியம்தான். விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவில் சத்தமே இல்லாமல் நழுவி வெளியே வருமே, எதிர்வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் மறுபடியும் இதையே வாங்குவேன். எனக்கு அறுபது வயது, டவுனுக்குள் ஓட்டுகிறேன். உன் சமாச்சாரம் வேறு. பிடித்திருக்கிறது என்று வாங்கு, மிச்சமாகும் என்று வாங்காதே. அந்தச் சிவப்பு வட்டத்துக்காக மட்டும் வாங்கிவிட்டு ஆறு மாசம் கழித்து என்னிடம் சண்டைக்கு வராதே.

இன்னொரு விஷயம். சொன்னால் எரிச்சல்படுவாய், இருந்தாலும் எழுதுகிறேன். நான் ஹைவேக்கு 19.5 என்று போட்டதே நீ நூற்றுப்பத்தில் போவாய் என்று தெரிந்துதான். எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் வேகம் ஒன்றேகால் மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, காற்றுத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. காசைக்கூட விடு. போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு வேடசந்தூரில் இருந்து கிளம்பினேன் என்றாய், பன்னிரண்டே காலுக்குக் கரூர் வந்துவிட்டேன் என்று ரேவதியிடம் பெருமை அடித்திருக்கிறாய். அவள் மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்து அழுதாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். அந்த ரோட்டில் லைட் போடாமல் நிற்கிற லாரிகளை எத்தனை தடவை பார்த்திருப்பாய்? அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் நீ எந்தக் கலர் வண்டி வாங்கினாலும் அவள் ஏறமாட்டாள்.

அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடு. ஷோரூம்காரன் டெஸ்ட் டிரைவ் என்று ஐந்து கிலோமீட்டர் சுற்றிக் காட்டுவான், அதில் எதுவும் தெரியாது. வரும் ஞாயிறு பஸ்ஸில் கிளம்பி இங்கே வா. திங்கள் காலை என் வண்டியை எடுத்துக்கொள், நம் பங்க் பையனிடம் முதல் கட்டோடு டேங்க்கை நிரப்பு, டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பார்த்துவிடு. வேடசந்தூர், அரவக்குறிச்சி, கரூர் என்று உன் மில் வேலையெல்லாம் உன் வேகத்திலேயே பார். புதன் சாயங்காலம் திரும்பி வந்து அதே பம்பில் நிரப்பு. என்ன வருகிறதோ அதை நீயே உன் கையால் என் நோட்டில் எழுது. அதற்கப்புறம் எந்த வண்டியை வாங்கினாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

ரேவதியையும் நிலாவையும் கூட்டி வந்தால் சந்தோஷம், பள்ளிக்கூடம் இருந்தால் வேண்டாம். அம்மா உனக்காக மாங்காய் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள், இரண்டு பாட்டில், ஒன்று உன் மாமனாருக்கு. அவரிடம் பொங்கலன்று நான் சொன்ன இருபத்தெட்டை நீயே திருத்திவிடு, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவின் சிவப்பு டைரி உன் பீரோவில்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா. தாடிக்கொம்புக்கு முன்னால் அன்றைக்கு வண்டி எத்தனை கிலோமீட்டரில் நின்றது என்று பார்க்க வேண்டும். மாமா 62 என்கிறார், நான் 58 என்கிறேன்.

அன்புடன்,
அக்கா